மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? கையால் நிரப்பப் பழகுபவருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கிக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "மானுக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்பதுதான். பென்சில்வேனியாக் காடுகளில் காணக்கிடைக்கும் வளர்ந்த வெள்ளைவால் மான் பெரும்பாலும் 60 முதல் 90 கிலோ எடைக்குள் அடங்கிவிடும். அதை நூறு, நூற்றைம்பது கெஜத் தொலைவில் சரியான இடத்தில் அடித்தால், 1895-இல் வந்த.30-30 வின்செஸ்டர் தொடங்கி நேற்று வந்த புதுத் தோட்டா வரை பத்துப் பதினைந்து வகைகள் ஒரே வேலையைத்தான் செய்யும். ஆகவே மானை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க முயன்றால் முடிவுக்கே வர இயலாது. தோட்டாவைத் தாமே நிரப்பப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழகாத கையின் சிறு தவறுகளை எது பொறுத்துக்கொள்ளும், எதற்கு உறையும் குண்டும் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும், எதற்கு நம்பத்தகுந்த அளவுப் பட்டியல்கள் நிறைய உள்ளன என்று அவர் கேட்க வேண்டும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கிறது. எனவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்வோருக்கே பொருந்தும். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் உரிமம் வேண்டும். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை எடை வெடிமருந்து என்ற அளவுகளை இக்கட்டுரை தரவில்லை. அவற்றை மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் வெளியிடும் கையேடுகளிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நண்பர் சொன்னார் என்பதற்காக எதையும் உறைக்குள் ஊற்றக் கூடாது.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இங்கே தோட்டா என்றால் முழுமையான பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் பொருந்தி மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு எஞ்சுவது உறை ஒன்றுதான். அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே இந்தக் கைத்தொழிலின் உயிர் என்பதால், தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பது பெருமளவுக்கு உறையைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

சட்டப் புத்தகம் முதலில்

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம் 0.24 அங்குலம்) வேண்டும், ஆகவே அங்கே.223 ரெமிங்டனோடு போக முடியாது. ஒஹாயோவில் கழுத்து குறுகிய ரைஃபிள் தோட்டாக்களால் மானைச் சுட அனுமதி இல்லை. நேர்சுவர் உறை கொண்ட தோட்டாக்கள் மட்டுமே செல்லும். மிச்சிகனின் தென்பகுதியிலும் நெடுங்காலம் இதே நடைமுறைதான் இருந்துவந்தது. 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் இப்படிப்பட்ட விதிகளுக்காகவே பிறந்தது. நீங்கள் வேட்டையாடும் இடம் அத்தகையது என்றால் கீழே சொல்லப்போகும் பரிந்துரைகளில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது. கலிஃபோர்னியாவிலோ 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கலந்த குண்டே கூடாது. செம்புக் குண்டுதான் வேண்டும். ஒரே எடையில் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும் என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; குழலைத் தேர்ந்தெடுக்கும்போது அது மறுபடியும் வரும்.

மேசை எதைக் கேட்கிறது

அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. .308 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர், 7மிமீ-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மூர், .270 வின்செஸ்டர், .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆகிய ஆறுக்கும் உறையின் அடிவட்டம் ஒன்றே: 0.473 அங்குலம், அதாவது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். தோட்டா நிரப்பும் நெம்புகோல் கருவியான பிரஸ்ஸில் உறையைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் இந்த ஆறுக்கும் ஒன்று போதும். நாளைக்கு இரண்டாவது துப்பாக்கி வாங்கினாலும் உறையைச் சுருக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் அச்சான டை ஒன்றை மட்டும் மாற்றினால் வேலை நடக்கும். சிறிய சேமிப்புதான், ஆனால் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவருக்கு இது பெரிய நிம்மதி.

அடுத்தது உறையின் வடிவம். தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் எந்த இடத்தில் தடுத்து நிற்கிறது என்பதை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். மேற்சொன்ன ஆறும் தங்கள் தோள்பட்டையில், அதாவது உறை கழுத்தாகக் குறுகத் தொடங்கும் சரிவில், நிற்பவை. சுடும்போது உறை அறையின் சுவர் வரை விரிந்து அந்த அறையின் அச்சாகவே ஆகிவிடுகிறது. அதைத் திரும்பச் சுருக்கும்போது தோள்பட்டையை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்னே தள்ளும்படி டையைச் சரிசெய்தால் உறை நீண்ட நாள் உழைக்கும். தோள்பட்டையைத் தேவைக்கு மேல் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் அங்கே அறுந்துவிடும்.

7மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றின் அடியில் ஒரு பட்டை இருக்கும். தொழிற்சாலைத் தோட்டா அந்தப் பட்டையில் நிற்பதால் தோள்பட்டைப் பக்கம் இடைவெளி தாராளமாக விடப்பட்டிருக்கும். முதல் சூட்டிலேயே உறை அதிகம் நீண்டுவிடும். மருந்தும் கூடுதலாகச் செலவாகும், தோளும் நோகும். வெள்ளைவால் மானுக்கு இவை தேவையும் இல்லை. பழகுநர் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

.30-30-ஐப் பற்றியும் ஒரு சொல். காட்டுக்குள் அருகிலிருந்து சுட அது இன்றும் நல்ல தோட்டாதான். ஆனால் விளிம்புள்ள அதன் உறை மெல்லியது. பெரும்பாலான லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழாய் போன்ற அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்திவிடும் ஆபத்து உண்டு. ஆகவே தட்டைமுனைக் குண்டே வேண்டும். உறையின் வாயைக் குண்டோடு சேர்த்து இறுக்கவும் வேண்டும். முதல் தோட்டாவிலேயே இத்தனை நிபந்தனைகள் எதற்கு?

என் தேர்வு: .308 வின்செஸ்டர்

எவர் கேட்டாலும் நான் முதலில் சொல்வது .308. வின்செஸ்டர் இதை 1952-இல் வேட்டைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கியது. இதன் இராணுவ வடிவமான 7.62×51-ஐ நேட்டோ 1954-இல் ஏற்றுக்கொண்டது. எழுபது ஆண்டுகளாக இராணுவமும் போட்டிச் சுடுநர்களும் வேட்டைக்காரர்களும் ஒருசேரப் பயன்படுத்தியதன் பலன், இதற்கு உறை செய்யாத நிறுவனம் இல்லை, அளவுப் பட்டியல் தராத கையேடு இல்லை. 2020-க்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரைமர் கிடைக்காமல் அமெரிக்கா முழுவதும் கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்தபோதுதான் பொதுவழக்கில் உள்ள தோட்டாவின் அருமை பலருக்கும் புரிந்தது: புதிய உறை கிடைக்காவிட்டாலும், சுடுதளத்தில் மற்றவர்கள் விட்டுச்செல்லும் .308 உறைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

அப்படிப் பொறுக்கியெடுக்கும் உறைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. 7.62 இராணுவ உறையின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். வெளியளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கொள்ளளவு குறைவு. அதே அளவு மருந்தை அதில் இட்டால் அழுத்தம் கூடிவிடும். பிரைமர் பொருந்தும் குழியைச் சுற்றி அடித்து இறுக்கிய தழும்பையும் நீக்க வேண்டியிருக்கும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டவையாக இருந்தால் உறை ஏற்கெனவே நீண்டு களைத்திருக்கும். ஒரே நிறுவனத்தின் பெயர் பொறித்த வேட்டை உறைகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, இராணுவ உறைகளைப் பழகும் வரை ஒதுக்கிவிடுங்கள்.

.308-இன் இன்னொரு நற்குணம் மருந்து விஷயத்தில் தெரியும். நடுத்தர வேகத்தில் எரியும் ஐஎம்ஆர் 4064, ஹெச் 4895, வார்கெட் போன்ற மருந்துகளை இதற்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கையேட்டில் உள்ள சாதாரண அளவை இட்டாலே உறை தோள்பட்டை வரை ஏறக்குறைய நிரம்பிவிடும். தொடக்கநிலையில் எல்லாரும் அஞ்சவேண்டிய தவறு, கவனம் சிதறி ஒரே உறைக்குள் இரண்டு முறை மருந்தை ஊற்றிவிடுவது. .308-இல் இம்மருந்துகளோடு அது நடக்காது. இரண்டாவது முறை ஊற்றினால் மருந்து வாய்வழியே வழிந்து மேசையில் சிந்திக் காட்டிக்கொடுத்துவிடும். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் வேகமாக எரியும் மருந்தைச் சிட்டிகை அளவில் இடும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. எந்தத் தோட்டாவை எடுத்தாலும், உறையில் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தையே முதல் ஆண்டில் தேர்ந்தெடுங்கள்.

குண்டின் எடையிலும் இது இடம் கொடுக்கும். அமெரிக்கர்கள் குண்டையும் மருந்தையும் கிரெய்னில் நிறுப்பார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. மானுக்கு 150 கிரெய்ன் குண்டு, அதாவது 9.7 கிராம், நிறைவாகப் போதும். தொழிற்சாலைத் தோட்டாவில் அது நொடிக்கு ஏறத்தாழ 2820 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். என்றாவது எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போனால் 165 அல்லது 180 கிரெய்னுக்கு மாறலாம். 200 கெஜத்தில் இலக்கோடு பொருந்தும்படி துப்பாக்கியைச் சரிசெய்தால், 150 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு மேலேயும், 300 கெஜத்தில் ஒரு சாண் அளவுக்குக் கீழேயும் படும். 200 கெஜத்துக்குள் சுடுகிறவர் மானின் மார்பில் நேராகக் குறிவைத்தால் போதும், மேலும் கீழும் கணக்குப்போட வேண்டியதில்லை.

பின்னுதைப்பு தாங்காதவருக்கு

ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியில் .243-இன் பின்னுதைப்பு சுமார் 9 அல்லது 10 அடி-பவுண்டு, .308-இனுடையது சுமார் 16, .30-06-இனுடையது 180 கிரெய்ன் குண்டோடு சுமார் 20 என்று கணக்கிடுவார்கள். எண்ணில் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் உடல்வாகு மெலிந்தவர், பதின்வயதினர், தோள்பட்டையில் பழைய காயம் உள்ளவர் ஆகியோருக்கு இந்த வேறுபாடே சுடுதளத்தில் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதற்கும் நிதானமாக இழுப்பதற்கும் உள்ள வேறுபாடாக இருக்கும். தோட்டா நிரப்புகிறவர் மற்றவர்களைவிட அதிகமாகச் சுடுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓர் அளவைச் சோதித்துப் பார்க்கவே ஒரு காலைப்பொழுதில் முப்பது, நாற்பது முறை சுட நேரும்.

இவர்களுக்கு 7மிமீ-08 ரெமிங்டனே என் பரிந்துரை. 1980-இல் வந்த இது .308-இன் கழுத்தை 7 மில்லிமீட்டருக்குக் குறுக்கிச் செய்தது. 140 கிரெய்ன் குண்டோடு இது மானுக்கு .308 செய்வதையெல்லாம் செய்யும், உதை சற்றுக் குறைவு. குறை ஒன்றே ஒன்று: சிற்றூர்க் கடையில் உறை கிடைப்பது அரிது. கிடைக்கும்போது நூறு உறையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

6.5 கிரீட்மூரைப் பற்றி வேட்டைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், மறுசாரார் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் மிகை. ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குச் சுடும் போட்டிக்காரர்களை மனத்தில் வைத்து இதை உருவாக்கியது. கையால் நிரப்புகிறவர்களுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அதன் நோக்கங்களில் ஒன்று. தோள்பட்டையின் சாய்வு 30 பாகை என்பதால் உறை அதிகம் நீளாது. அடிக்கடி வெட்டிச் சீராக்க வேண்டியதில்லை. உறையும் குண்டும் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சில நிறுவனங்களின் உறைக்குப் பெரிய ரைஃபிள் பிரைமர் வேண்டும், சிலவற்றுக்குச் சிறிய ரைஃபிள் பிரைமர் வேண்டும். பையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கினால் வீட்டில் உள்ள பிரைமர் பொருந்தாது. மானுக்குச் சுடும்போது போட்டிக்கான குண்டை எடுத்துச் செல்லக் கூடாது என்பதும் முக்கியம். இந்தத் தோட்டாவைப் பொறுத்தவரை அந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கடையில் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் போட்டிக் குண்டுகளே.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. உதை குறைவு, பாதை தட்டை. ஆனால் இதை நான் முதல் தோட்டாவாகச் சொல்லத் தயங்குகிறேன். பெரிய வயிறும் சிறிய வாயுமாக இருப்பதால் மருந்திலோ குண்டிலோ செய்யும் சிறு மாற்றத்துக்கும் அழுத்தம் சட்டென்று மாறக்கூடும். குழலும் சீக்கிரம் தேயும். குண்டு இலேசானது என்பதால், 95 அல்லது 100 கிரெய்னில் நல்ல கட்டுமானமுள்ள வேட்டைக் குண்டையே எடுக்க வேண்டும்; சிறு விலங்குகளைச் சுடவென்று செய்த மெல்லிய தோல் குண்டுகளும் இதே விட்டத்தில் விற்கின்றன, அவை மானின் தோளில் பட்டவுடன் சிதறி உள்ளே போகாமல் நின்றுவிடும்.

.308-ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும் வழி இருக்கிறது. ஹெச் 4895 மருந்தை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம், அதைக் குறைந்த அளவில் இட்டுப் பின்னுதைப்பைத் தணிக்கும் முறையைத் தானே வெளியிட்டிருக்கிறது. அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றலாம். வேறு மருந்துகளில் நம் விருப்பத்துக்கு அளவைக் குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தை உறையில் பாதிக்கும் கீழே இட்டால் அழுத்தம் குறைவதற்குப் பதிலாக அபாயகரமாக ஏறிவிட்ட நிகழ்வுகள் உண்டு. குறைவாக இட்டால் பாதுகாப்பு என்ற நம்முடைய சமையலறைக் கணக்கு இங்கே செல்லாது.

பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால்

1906-இல் வந்த .30-06-உம், 1925-இல் வந்த .270-உம் இன்றும் அமெரிக்க வீடுகளில் பரணிலும் அலமாரியிலும் நிறைய இருக்கின்றன. நண்பர் ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார் என்றால் தயங்காமல் வாங்கலாம். .30-06 உறை .308-ஐவிட அரை அங்குலம் நீளமானது. ஆகவே துப்பாக்கியின் உடலும் சற்று நீளும், மருந்தும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். மாறாக, 180 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டுகளில் அது .308-ஐத் தெளிவாக முந்தும். எல்க், மூஸ் என்று பெரிய விலங்குகளும் உங்கள் திட்டத்தில் இருந்தால் இதுவே மேல். .270-க்கு 130 கிரெய்ன் குண்டு மான் வேட்டைக்கென்றே அமைந்ததுபோல இருக்கும். ஆனால் அதன் 0.277 அங்குல விட்டத்தில் குண்டு வகைகள் .308 அளவுக்கு இல்லை.

இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் விழிப்பு வேண்டும். .270-உம் .30-06-உம், .308-உம் 7மிமீ-08-உம் அடிவட்டத்தில் ஒன்றே என்று சொன்னேன். அந்த வசதியே வினையும் ஆகலாம். தவறான தோட்டா தவறான அறைக்குள் நுழைந்து, பூட்டும் மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே வகை உறை, ஒரே குண்டுப் பெட்டி, ஒரே மருந்துப் புட்டி என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குழலையும் பார்த்து வாங்குங்கள்

குழலின் உட்புறம் திருகுபோல் ஓடும் வரிகளே குண்டைச் சுழற்றி நேராகப் பறக்க வைக்கின்றன. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை ட்விஸ்ட் என்பார்கள். .308-இல் 10 அல்லது 12 அங்குலம், 6.5 கிரீட்மூரில் 8 அங்குலம் என்பவை வழக்கமானவை. நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். செம்புக் குண்டு நீளமானது என்று முன்னே சொன்னதன் விளைவு இங்கேதான் வருகிறது: செம்பு கட்டாயமான மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்றால் .308-இல் 10 அங்குல ட்விஸ்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளும் போல்ட் வகைத் துப்பாக்கியாகவும் இருக்கட்டும். தானியங்கித் துப்பாக்கி சுட்ட உறையைப் பத்தடி தள்ளிப் புல்லில் எறிந்துவிடும், வாயையும் நசுக்கிவிடும். பென்சில்வேனியாவில் பெரிய விலங்கு வேட்டைக்கு அரைத்தானியங்கி ரைஃபிளுக்கு அனுமதியும் இல்லை.

வாங்கும் வரிசை

துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன் வழக்கமாகப் போகும் கடையில் பத்து நிமிடம் சுற்றிப்பாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் தோட்டாவுக்கு உறைப்பை இருக்கிறதா, இரண்டு மூன்று நிறுவனங்களின் வேட்டைக் குண்டு இருக்கிறதா, டை அலமாரியில் இருக்கிறதா, பட்டியலில் சொல்லும் மருந்துகளில் இரண்டேனும் கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு இல்லையென்றால் அந்தத் தோட்டா எவ்வளவு சிறந்ததானாலும் உங்கள் ஊருக்குப் பொருந்தாது.

பிறகு தொழிற்சாலைத் தோட்டாவில் மூன்று பெட்டி, அதாவது அறுபது, வாங்குங்கள். ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும். அவற்றைச் சுட்டுப் பழகும்போதே உங்கள் துப்பாக்கியின் அறைக்கு விரிந்த அறுபது உறைகள் கையில் சேர்ந்துவிடும். தொழிற்சாலைத் தோட்டா எந்த வேகத்தில், எத்தனை நெருக்கமாகப் படுகிறது என்ற ஓர் அளவுகோலும் கிடைக்கும். அது இல்லாமல் நீங்கள் நிரப்பியது நன்றாக இருக்கிறதா என்று எதோடு ஒப்பிடுவீர்கள்?

அழுத்த எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பு 1926-இல் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயரை நம் எழுத்தில் எழுதினால் 'சாமி' என்றே வரும். .308-க்கு அது வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் இவ்வளவு அழுத்தம் எழுகிறது என்பதால், இந்தச் சாமியின் வாக்கை மீறுவதில் எவருக்கும் பெருமை இல்லை. கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து, அரை அரை கிரெய்னாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்று அல்லது ஐந்து தோட்டா மட்டும் நிரப்புங்கள். போல்ட்டின் கைப்பிடி தூக்க மறுத்தாலோ, பிரைமர் தட்டையாகிக் குழியின் விளிம்பு வரை பரவினாலோ, உறையின் அடியில் பளபளப்பான புதுத் தழும்பு தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். மீதமுள்ள தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து குண்டைக் கழற்றிவிடுங்கள். உச்ச அளவு வரை ஏறியே தீரவேண்டும் என்று மான் கேட்பதில்லை. பல துப்பாக்கிகள் அதற்குச் சற்றுக் கீழேதான் மிக நெருக்கமாகச் சுடும்.

எண்ணெய் மறந்த நாள்

என் முதல் வாரத்தில் நடந்தது இது. உறையைச் சுருக்கும் டைக்குள் செலுத்தும் முன் அதன் உடலில் மெல்லியதாக மசகு தடவ வேண்டும். பத்தோ பன்னிரண்டோ உறைகள் ஒழுங்காகப் போயின. அடுத்ததைத் தடவினேனா இல்லையா என்ற ஐயம் தோன்றியபோதே கை நெம்புகோலை அழுத்திவிட்டது. பாதி வழியில் இறுகியது. இன்னும் சற்று அழுத்தினால் போய்விடும் என்று அழுத்தினேன், போயும்விட்டது. திரும்ப இழுத்தபோது ஷெல் ஹோல்டர் உறையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுமனே இறங்கியது, உறை டைக்குள் நகத்துக்குள் ஏறிய சிராய்போல் உட்கார்ந்துகொண்டது. பிரைமர் குழி வழியாகத் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் ஒன்றை முடுக்கித்தான் அதை வெளியே இழுக்க முடிந்தது. அன்று மாலை முழுவதும் அதிலேயே போயிற்று.

இறுகுவதை உணர்ந்த கணமே நிறுத்தி, மெதுவாகப் பின்னே எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதிகமாகத் தடவுவதும் தீர்வல்ல. மசகு தோள்பட்டையில் தேங்கினால் அங்கே சொட்டை விழும். இரண்டு விரலால் உருட்டித் தேய்த்தால் உறை வழுக்கவும் வேண்டும், ஈரம் கண்ணுக்குத் தெரியவும் கூடாது. அந்தப் பதம் பத்து உறைக்குள் கைக்கு வந்துவிடும். இப்படிக் கெடுத்த உறை ஒரு .308 ஆக இருந்ததால் எனக்கு இழப்பு சில காசுகள்தான். அரிதான தோட்டாவாக இருந்திருந்தால் அதற்கும் சேர்த்து வருந்தியிருப்பேன்.

உறையின் வாழ்நாள்

மிதமான அளவில் நிரப்பினால் .308 உறை ஐந்தாறு முறை தாராளமாக உழைக்கும். ஒவ்வொரு முறை சுருக்கிய பின்னும் நீளத்தை அளந்து பாருங்கள், 2.015 அங்குலத்தைத் தாண்டியவற்றை 2.005-க்கு வெட்டிவிட்டு, வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்க வேண்டும். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியை இலேசாக வளைத்து, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரை உரசியபடி இழுங்கள். நல்ல உறையில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் சிக்கித் தயங்கினால், அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். வெளியே அதே உயரத்தில் வெளிறிய வளையம் ஒன்றும் தெரியக்கூடும். ஒன்றில் அப்படித் தெரிந்தால் அதே எண்ணிக்கை சுட்ட மற்ற உறைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். பழுதானவற்றை அப்படியே குப்பையில் போடாமல், வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள்; சுடுதளத்தில் உறை பொறுக்குகிறவர் இன்னொருவரும் இருப்பார்.